வி.டபிள்யூ.எஃப் எலைசா: லேபில் புதிதாகச் சேர்ந்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ரத்தம் உறைதலைப் பற்றி ஆய்வு செய்யும் லேபில் சேர்கிறவர்களுக்கு ஆரம்பத்திலேயே கையில் கிடைப்பது பெரும்பாலும் ஒரு 96 குழி பிளேட்டும், ஃப்ரீசரிலிருந்து எடுத்த பிளாஸ்மாவும்தான். அளக்க வேண்டியது வான் வில்லிபிராண்ட் ஃபேக்டர் என்ற புரதம். லேபில் எல்லோரும் சொல்வது வி.டபிள்யூ.எஃப். அளக்கும் முறை எலைசா: புரதத்தை அதைப் பிடிக்கும் ஆன்டிபாடியால் பிடித்து, என்சைம் உண்டாக்கும் நிறத்தைக் கொண்டு அளவைக் கணக்கிடுவது. என்ன செய்ய வேண்டும் என்று புரோட்டோகால் தாளில் இருக்கும், ஏன் என்று இருக்காது. அந்த ‘ஏன்’களுக்காக இந்தப் பக்கம்.

இந்தப் புரதம் ரத்தத்தில் என்ன வேலை செய்கிறது?

ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்தால் அதன் அடியிலுள்ள கொலாஜன் வெளியே தெரியும். சிறு தமனிகளில் ரத்தம் ஓடுகிற வேகத்தில் பிளேட்லெட்டுகள் (ரத்தத் தட்டணுக்கள்) அங்கே தாமாக ஒட்டி நிற்க முடியாது. வி.டபிள்யூ.எஃப் கொலாஜனைப் பிடித்துக்கொண்டு, கூடவே பிளேட்லெட்டையும் பிடித்து நிறுத்துகிறது. அதற்கு இன்னொரு வேலையும் உண்டு: ஃபேக்டர் 8 என்ற உறைதல் புரதத்தைச் சுமந்து திரிந்து, அது சீக்கிரம் அழியாமல் காப்பது. அதனால்தான் வி.டபிள்யூ.எஃப் மிகவும் குறைந்தவர்களுக்கு ஃபேக்டர் 8-உம் குறைகிறது.

ரத்தக்குழாய் உட்சுவரின் எண்டோதீலியல் செல்களும், பிளேட்லெட்டுகளைப் பெற்றெடுக்கும் மெகாகாரியோசைட்டுகளும் இதை உருவாக்குகின்றன. ஓர் அலகில் 2,050 அமினோ அமிலங்கள். அலகுகள் சங்கிலியாகக் கோத்துக்கொண்டு, மிகப் பெரியவை 2 கோடி டால்டன் எடை வரை போகும். இந்தச் சங்கிலிகளுக்கு மல்டிமர் என்று பெயர். பிளாஸ்மாவில் ஒரு மில்லிலிட்டருக்குச் சுமார் 10 மைக்ரோகிராம் இருக்கும்.

பெயர் ஃபின்லாந்து மருத்துவர் எரிக் வான் வில்லிபிராண்டுடையது. ஆலண்ட் தீவுகளில் ஒரு குடும்பத்தில் பலருக்கு இருந்த ரத்தக்கசிவு நோயைப் பற்றி 1926-இல் எழுதினார்; அதுதான் இன்று வான் வில்லிபிராண்ட் நோய். அவரிடம் வந்த 5 வயதுச் சிறுமி, பின்னர் 13 வயதில் மாதவிடாய் உதிரப்போக்கால் இறந்தாள். பெரும்பாலும் ஆண்களையே பாதிக்கும் ஹீமோஃபீலியா என்ற ரத்தக்கசிவு நோய் போலத் தெரிந்தாலும் பெண்களையும் பாதிக்கிறதே என்பதுதான் அவரை யோசிக்க வைத்தது.

உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்தால் போதாதா? ஆன்டிபாடி எதற்கு?

போதாது. ஏ.பி.டி.டி. போன்ற உறைதல் நேரச் சோதனையில் வி.டபிள்யூ.எஃப் நேரடியாகப் பங்கெடுப்பதே இல்லை. அதன் குறைவால் ஃபேக்டர் 8-உம் நன்றாகக் குறைந்தால்தான் நேரம் நீளும். மிதமான குறைபாடு இருப்பவரின் ஏ.பி.டி.டி. முற்றிலும் சாதாரணமாகவே வரலாம்.

இது புரிய வெகுகாலம் ஆனது. ஹீமோஃபீலியா ஏ, வான் வில்லிபிராண்ட் நோய் இரண்டிலும் ஃபேக்டர் 8 குறைகிறது. அப்படியானால் வித்தியாசம் என்ன? 1971-இல் சிம்மர்மனும் ராட்னாஃபும் பவலும் ஃபேக்டர் 8-க்கு எதிராக என்று முயலில் உண்டாக்கிய ஆன்டிபாடியை இரண்டு வகை நோயாளிகளின் பிளாஸ்மாவோடும் சேர்த்துப் பார்த்தார்கள். ஹீமோஃபீலியாக்காரர்களின் பிளாஸ்மாவில் ஆன்டிபாடி பிடிக்கும் புரதம் இயல்பான அளவில் இருந்தது. வான் வில்லிபிராண்ட் நோயாளிகளின் பிளாஸ்மாவில் குறைவாகவோ இல்லாமலோ இருந்தது. அந்த முயல் ஆன்டிபாடி உண்மையில் பிடித்துக்கொண்டிருந்தது வி.டபிள்யூ.எஃப்-ஐத்தான். ஃபேக்டர் 8-உம் வி.டபிள்யூ.எஃப்-உம் தனித்தனிப் புரதங்கள் என்பது பிற்பாடு உறுதியானது, வி.டபிள்யூ.எஃப் மரபணுவைக் குளோன் செய்தது 1985-இல்.

எலைசாவுக்கு முன்னால் எப்படி அளந்தார்கள்?

ஸ்வீடனின் லாரல் 1966-இல் வெளியிட்ட ராக்கெட் முறையில். ஆன்டிபாடி கலந்த அகரோஸ் ஜெல்லில் சிறு துளையிட்டு, பிளாஸ்மாவை ஊற்றி, மின்சாரம் செலுத்துவார்கள். புரதம் நகர்ந்துகொண்டே ஆன்டிபாடியோடு சேர்ந்து ராக்கெட் வடிவத்தில் படியும். ராக்கெட்டின் உயரத்தை அளவுகோல் வைத்து அளந்தால் புரதத்தின் அளவு கிடைக்கும். பார்க்க அழகான முறைதான், ஆனால் மெதுவானது; மிகக் குறைந்த அளவுகளில் தடுமாறும். எங்வாலும் பெர்ல்மனும் ஸ்டாக்ஹோமில் எலைசாவை வெளியிட்டதும் அதே 1971-இல்தான்.

எலைசாவில் ஒவ்வொரு படியிலும் உண்மையில் என்ன நடக்கிறது?

வி.டபிள்யூ.எஃப்-க்கு நாம் செய்வது சாண்ட்விச் எலைசா. முதலில் பிளேட்டின் குழிகளில் ஆன்டிபாடியைப் பூச வேண்டும். பி.ஹெச். 9.6 கார்பனேட் பஃபரில் கரைத்து, குழிக்கு 100 மைக்ரோலிட்டர் ஊற்றி, இரவு முழுக்க 4 டிகிரியில் வைத்தால் ஆன்டிபாடி பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொள்ளும். மிச்சமிருக்கும் காலியிடத்தில் வேறு புரதம் வந்து ஒட்டாமலிருக்க பி.எஸ்.ஏ. (மாட்டு அல்புமின் புரதம்) போட்டு அடைக்கிறோம். அப்புறம் நீர்த்த பிளாஸ்மா. அதிலுள்ள வி.டபிள்யூ.எஃப்-ஐப் பூசிய ஆன்டிபாடி பிடித்துக்கொள்ளும். மற்றதெல்லாம் ட்வீன் என்ற சோப்பு போன்ற பொருள் கலந்த பஃபரில் கழுவும்போது போய்விடும். அடுத்து ஹெச்.ஆர்.பி. என்சைம் கோத்த இரண்டாவது ஆன்டிபாடி வந்து மேலே உட்காரும். மறுபடி கழுவல். கடைசியில் டி.எம்.பி. என்ற நிறம் தரும் ரசாயனத்தை ஊற்றினால் என்சைம் அதை நீலமாக்கும். கந்தக அமிலம் சேர்த்தவுடன் நீலம் சட்டென்று மஞ்சளாகி நின்றுவிடும். 450 நானோமீட்டரில் படிக்கிறோம்.

கழுவுவதில் சோம்பல் வேண்டாம். கடைசிக் கழுவலுக்குப் பிறகு பிளேட்டைக் கவிழ்த்து டிஷ்யூ பேப்பரில் தட்டும்போது குழியில் ஈரம் தேங்கியிருந்தால், பின்னணி நிறம் ஏறுவதற்கு அதுவே போதும்.

அடியில் பூசுவதும் மேலே வருவதும் ஒரே முயல் ஆன்டிபாடியாக இருக்கலாமா?

இருக்கலாம், பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். பாலிகுளோனல் ஆன்டிபாடி புரதத்தின் பல இடங்களைப் பிடிக்கும். போதாததற்கு வி.டபிள்யூ.எஃப் சங்கிலியில் ஒரே அலகு திரும்பத் திரும்ப வருகிறது. அதனால் அடியில் ஓர் இடத்தில் பிடிபட்ட மூலக்கூறில் மேலே பிடிக்க எவ்வளவோ இடம் மிச்சமிருக்கும்.

ஒரே நிபந்தனை, மேலே வரும் ஆன்டிபாடியில் என்சைம் நேரடியாகக் கோத்திருக்க வேண்டும். அது இல்லையே, ‘ஆன்டி-ராபிட்’ செகண்டரி (முயல் ஆன்டிபாடியைப் பிடிக்கும் என்சைம் கோத்த ஆன்டிபாடி) போட்டு ஒப்பேற்றலாம் என்று நினைத்தால், அந்த செகண்டரி அடியில் பூசிய முயல் ஆன்டிபாடியையும் போய்ப் பிடிக்கும். பிளேட் முழுக்க, சாம்பிள் போடாத பிளாங்க் குழி உட்பட, ஒரே மஞ்சள்தான் கிடைக்கும். செகண்டரி முறைதான் வேண்டுமென்றால் அடியில் ஒரு விலங்கு, மேலே வேறொரு விலங்கு என்று ஜோடி சேருங்கள்.

மோனோகுளோனல் ஆன்டிபாடி ஒரே ஓர் இடத்தை மட்டும் பிடிக்கும். பேட்சுக்குப் பேட்ச் மாறாது என்பது பெரிய வசதி. ஆனால் அந்த இடத்திலேயே மியூட்டேஷன் உள்ள நோயாளி வந்தால், புரதம் இருந்தும் இல்லை என்று காட்டலாம். மரபணு மாற்றங்களைப் பற்றிய ஆய்வு என்றால் என் வாக்கு பாலிகுளோனலுக்கே.

சாம்பிள் எடுப்பதில் அப்படி என்ன இருக்கிறது?

எல்லாமே அங்கேதான் இருக்கிறது. எண் சரியில்லை என்றால் எல்லோரும் முதலில் ஆன்டிபாடியைச் சந்தேகிக்கிறார்கள். நான் முதலில் கேட்பது ரத்தம் எந்தக் குழாயில், எப்போது, எப்படி வந்தது என்றுதான்.

குழாய் 3.2 சதவீத சோடியம் சிட்ரேட். ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட். நீல மூடிக் குழாயில் போட்டிருக்கும் கோடு வரை ரத்தம் ஏறியிருக்க வேண்டும். பாதிக் குழாயோடு வந்தால், சிட்ரேட்டே பிளாஸ்மாவைக் கூடுதலாக நீர்க்கச் செய்திருக்கும். உங்கள் எண் அந்த அளவுக்குக் குறைந்து வரும். சீரத்தை (ரத்தம் உறைந்தபின் பிரியும் திரவத்தை) பயன்படுத்த வேண்டாம். உறையும்போது பிளேட்லெட்டுகள் தங்கள் உள்ளே வைத்திருக்கும் வி.டபிள்யூ.எஃப்-ஐ வெளியே விடுகின்றன. அதையும் சேர்த்து அளந்துவிடுவீர்கள்.

பிரிக்கும் முன் முழு ரத்தத்தை ஐஸில் வைக்காதீர்கள். இது பலருக்கு வியப்பாக இருக்கும், ஏனென்றால் மற்ற பல சோதனைகளுக்கு ஐஸ்தான் பாதுகாப்பு. சிட்ரேட் போட்ட முழு ரத்தத்தைக் குளிரில் வைத்தால் வி.டபிள்யூ.எஃப்-உம் ஃபேக்டர் 8-உம் குறைந்துபோகும். ஆரோக்கியமான ஆளுக்கே வான் வில்லிபிராண்ட் நோய் என்று காட்டும் அளவுக்கு விழலாம். அறை வெப்பநிலையிலேயே கொண்டுவந்து, 4 மணி நேரத்துக்குள் பிரித்துவிடுங்கள். அறை வெப்பநிலை என்றால் 18 முதல் 25 டிகிரி. மே மாதத்தில் ஸ்கூட்டர் டிக்கியில் வருவது அந்தக் கணக்கில் சேராது.

சென்ட்ரிஃப்யூஜில் இரண்டு முறை சுற்ற வேண்டும். முதல் சுற்று முடிந்ததும் மேலிருக்கும் பிளாஸ்மாவை அடியைத் தொடாமல் எடுத்து, வேறொரு பிளாஸ்டிக் குழாயில் விட்டு மறுபடி 1,500 ஜி-யில் 15 நிமிடம். பிளேட்லெட் மிச்சமிருந்தால், உறையவைத்து உருக்கும்போது அவை உடைந்து உள்ளேயிருக்கும் வி.டபிள்யூ.எஃப் கலந்துவிடும். இதைத் தவிர்க்கலாமே என்று பிளாஸ்மாவை 0.2 மைக்ரான் ஃபில்டரில் வடிகட்டுகிறவர்களும் உண்டு. வேண்டவே வேண்டாம். ஃபில்டர் வி.டபிள்யூ.எஃப்-ஐயும் பிடித்துக்கொள்ளும், அதுவும் நமக்கு முக்கியமான பெரிய மல்டிமர்களை முதலில்.

ஃப்ரீசரிலிருந்து எடுத்த பிளாஸ்மாவை ஃப்ரிட்ஜில் வைத்து மெதுவாக உருக்கலாமா?

கூடாது. 37 டிகிரி வாட்டர் பாத்தில் ஐந்து நிமிடம் போல வைத்து வேகமாக உருக்குங்கள். பிறகு குழாயை நாலைந்து முறை மெதுவாகக் கவிழ்த்துக் கலக்குங்கள்.

உறைந்த பிளாஸ்மா குளிரில் மெதுவாக உருகினால் அடியில் வெண்மையாக ஒரு படிவு தங்கும். ஃபேக்டர் 8, வி.டபிள்யூ.எஃப், ஃபைப்ரினோஜன் எல்லாம் அதில் செறிந்திருக்கும். ஸ்டான்ஃபோர்டில் ஜூடித் பூல் 1960-களின் நடுவில் இதைக் கண்டுபிடித்ததால்தான் ரத்த வங்கிகள் கிரையோபிரெசிபிடேட் தயாரிக்கத் தொடங்கின. ஹீமோஃபீலியா சிகிச்சையே அதனால் மாறியது. ரத்த வங்கிக்கு வரமாக இருக்கும் அதே படிவுதான் நமக்குத் தலைவலி. மேலாக இருக்கும் தெளிந்த பிளாஸ்மாவை மட்டும் பிப்பெட்டில் எடுத்தால், அளக்க வேண்டிய புரதத்தை அடியிலேயே விட்டுவிட்டு வருகிறீர்கள். உருக்கிய பிறகும் துகள் தெரிந்தால் இன்னும் கொஞ்ச நேரம் 37 டிகிரியில் வையுங்கள்.

ஸ்டாண்டர்ட் எது? எத்தனை மடங்கு நீர்க்க வேண்டும்?

ஸ்டாண்டர்ட் என்பது ஒப்பிட்டு அளக்க வைக்கும், அளவு தெரிந்த சாம்பிள். சுத்திகரித்த வி.டபிள்யூ.எஃப்-ஐ எடைபோட்டு ஸ்டாண்டர்டாக வைப்பதை விட, உலக சுகாதார நிறுவனத்தின் சர்வதேச ஸ்டாண்டர்டோடு ஒப்பிட்டு அளவு குறிக்கப்பட்ட பிளாஸ்மாவை வைப்பதே நல்லது. அலகு, டெசிலிட்டருக்கு ஐ.யூ. (சர்வதேச அலகு). இயல்பான பிளாஸ்மா 100 என்று கொண்டால், பெரும்பாலான லேபுகளில் இயல்பு வரம்பு சுமார் 50 முதல் 200 வரை.

நீர்ப்பு உங்கள் ஆன்டிபாடியைப் பொறுத்தது, ஆனால் ஒரே நீர்ப்பில் மட்டும் எந்தச் சாம்பிளையும் ஓட்டாதீர்கள். ஓர் உதாரணம்: ஒரு சாம்பிளை 100, 200, 400 மடங்கு நீர்த்துப் பார்க்கிறீர்கள். நீர்ப்பால் பெருக்கிய பிறகு 62, 64, 61 என்று வந்தால் நிம்மதி, சராசரி எடுத்துக்கொள்ளலாம். 62, 81, 104 என்று ஏறிக்கொண்டே போனால் அந்தச் சாம்பிளின் கோடு ஸ்டாண்டர்டின் கோட்டுக்கு இணையாகப் போகவில்லை. சராசரி 82 என்று நோட்டில் எழுதாதீர்கள். அது எதையும் குறிக்காத எண். ஒருவேளை புரதம் மிக அதிகமாக இருந்து வளைகோட்டின் மேல் தட்டையான பகுதியில் விழுந்திருக்கலாம், அல்லது சாம்பிளில் ஏதோ குறுக்கிடலாம். இன்னும் நீர்த்துப் பாருங்கள். வளைகோடு எஸ் வடிவத்தில் வரும் என்பதால் நேர்கோடு போட முயலாமல் நான்கு அளவுரு லாஜிஸ்டிக் முறையில் பொருத்துங்கள்.

நிறமே வரவில்லை. ஆன்டிபாடி கெட்டுவிட்டதா?

முதலில் பஃபரில் சோடியம் அசைடு இருக்கிறதா என்று பாருங்கள். பாக்டீரியா வளராமலிருக்க யாரோ போட்டு வைத்திருப்பார்கள், அது ஹெச்.ஆர்.பி.-யைச் செயலிழக்கச் செய்யும். ஓரக் குழிகள் மட்டும் அடர்ந்தோ வெளிறியோ தெரிந்தால், வெப்பம் சீராகப் பரவவில்லை அல்லது ஓரத்தில் ஆவியாகிறது. பிளேட்டை மூடி வையுங்கள், குளிர்ந்த பிளேட்டை அப்படியே இன்குபேட்டரில் தள்ளாதீர்கள்.

ஒரே ஆளிடம் இரண்டு முறை எடுத்தால் எண் வேறாக வருகிறதே?

வரும். வி.டபிள்யூ.எஃப் நிலையான எண் அல்ல. படியேறி மூச்சு வாங்க வந்து உட்கார்ந்தவருக்கும், ஊசியைப் பார்த்து அலறிய குழந்தைக்கும் கூடும். காய்ச்சல், கர்ப்பம், வயது, எல்லாமே கூட்டும். ரத்தம் தருகிறவரை முதலில் கொஞ்ச நேரம் உட்கார வையுங்கள்.

ரத்தப் பிரிவைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். 1987-இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில் 1,117 ரத்த தானம் செய்தவர்களை அளந்தார்கள். ஓ பிரிவினரின் சராசரி சுமார் 75, ஏ பிரிவினருக்குச் சுமார் 106, பி பிரிவினருக்கு 117, ஏபி பிரிவினருக்கு 123. உங்கள் நோயாளிக் குழுவில் ஓ பிரிவு அதிகமாகவும் கண்ட்ரோல் குழுவில் குறைவாகவும் இருந்தால், நோய்க்குச் சம்பந்தமே இல்லாத ஒரு ‘கண்டுபிடிப்பு’ கையில் கிடைக்கும்.

ஆன்டிஜென் அளவு (எலைசா தரும் எண்) சாதாரணம், ஆனால் ரத்தக்கசிவு இருக்கிறது. எலைசா தவறா?

எலைசா சொன்னது சரியாகவே இருக்கலாம். ஆன்டிபாடி எண்ணுவது புரதம் எவ்வளவு இருக்கிறது என்பதை. அது வேலை செய்கிறதா என்பதை அல்ல. ஆபீஸ் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து இருப்பது மாதிரி. வான் வில்லிபிராண்ட் நோயின் டைப் 2 வகை நோயாளிகளில் புரதம் இருக்கும், ஆனால் பெரிய மல்டிமர்கள் இருக்காது, அல்லது பிளேட்லெட்டைப் பிடிக்கும் இடம் பழுதாகியிருக்கும்.

அதனால் கூடவே ஒரு செயல் சோதனையும் வேண்டும். பழையது ரிஸ்டோசெட்டின் சோதனை. ரிஸ்டோசெட்டின் ஒரு காலத்தில் ஆன்டிபயாட்டிக். பிளேட்லெட் எண்ணிக்கையைக் குறைக்கிறது என்று மருந்தாகப் பயன்படுத்துவதை நிறுத்தினார்கள். அப்படி அது பிளேட்லெட்டை ஒன்றாகத் திரட்டுவதற்கு வி.டபிள்யூ.எஃப் தேவை என்று ஹோவர்டும் ஃபிர்கினும் காட்டினார்கள் (அதுவும் 1971! என்ன ஆண்டோ அது). கெட்ட பக்கவிளைவு நல்ல சோதனையாக மாறியது. செயல் எண்ணை ஆன்டிஜென் எண்ணால் வகுத்து, 0.7-க்குக் கீழே வந்தால் டைப் 2-வைச் சந்தேகிக்கச் சொல்கிறது 2021-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல். கொலாஜன் பிணைப்புச் சோதனையும் உண்டு. அதை எலைசா பிளேட்டிலேயே செய்யலாம், அடியில் ஆன்டிபாடிக்குப் பதில் கொலாஜன் பூசினால் போதும். இது எளிது, மலிவு, பெரிய மல்டிமர்கள் குறைந்ததை நன்றாகக் காட்டும். இன்னும் அதிகம் பேர் செய்ய வேண்டிய சோதனை என்பது என் அபிப்பிராயம்.

எலி பிளாஸ்மா, செல் கல்ச்சர் திரவம் இவற்றுக்கு அதே பிளேட் உதவுமா?

மனித வி.டபிள்யூ.எஃப்-க்கு எதிரான சில முயல் பாலிகுளோனல்கள் சுண்டெலியின் புரதத்தையும் பிடிக்கும்; பல ஆய்வுகளில் அப்படியே பயன்படுகின்றன. ஆனால் ஸ்டாண்டர்டாக மனித பிளாஸ்மாவை வைக்காதீர்கள். சாதாரண சுண்டெலிகளின் பிளாஸ்மாவைக் கலந்து, அதை 100 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எண்டோதீலியல் செல்கள் வி.டபிள்யூ.எஃப்-ஐ வைபெல்-பலாடே உறுப்புகள் என்ற நீள் சிமிழ்களில் சேமித்து வைத்திருக்கும். ஹிஸ்டமின் அல்லது திராம்பின் பட்டால் கொட்டும். கல்ச்சர் திரவத்தில் அளவு பிளாஸ்மாவை விட மிகக் குறைவு என்பதால் 100 மடங்கெல்லாம் நீர்க்க வேண்டாம். செல் படாத வெறும் மீடியத்தையும் ஒரு குழியில் ஓட்டுங்கள்; மாட்டுச் சீரத்தில் உள்ள வி.டபிள்யூ.எஃப்-ஐ உங்கள் ஆன்டிபாடி பிடிக்கிறதா என்று அப்போது தெரியும்.

ஆஸ்பத்திரி மெஷின் எண்ணும் நம் எண்ணும் ஒத்துப்போகவில்லையே?

மெஷின் பெரும்பாலும் லேடெக்ஸ் முறை: ஆன்டிபாடி பூசிய நுண்மணிகள் வி.டபிள்யூ.எஃப்-ஆல் ஒன்றாகத் திரளும்போது கலங்குவதை அளக்கும். வேகமானது. ஆனால் கழுவும் படி இல்லாததால், ருமட்டாய்டு ஃபேக்டர் (மூட்டுவாத நோயாளிகள் பலரிடம் காணப்படும் ஆன்டிபாடி) உள்ளவரின் பிளாஸ்மாவில் அதுவே மணிகளைத் திரட்டி எண்ணைப் பொய்யாகக் கூட்டலாம். மூட்டுவாத நோயாளிகளை ஆய்வு செய்கிறீர்கள் என்றால் எலைசாவை நம்புங்கள், அதையும் இரண்டு மூன்று நீர்ப்புகளில் சரிபார்த்து.

தன்னார்வலர் ஒருவருக்கு 28 வந்திருக்கிறது. அவரிடம் சொல்லலாமா?

‘உங்களுக்கு இந்த நோய் இருக்கிறது’ என்று சொல்லக்கூடாது. ஆராய்ச்சிக்கு மட்டும் என்று குறித்த கிட்டிலும், லேபிலேயே தயாரித்த எலைசாவிலும் வந்த எண் நோயறிதல் ரிப்போர்ட் ஆகாது. 30-க்குக் கீழே என்பதை மருத்துவ வழிகாட்டுதல் நோயாகவே கருதுகிறது என்பதால் மூடி மறைக்கவும் கூடாது. ஆய்வின் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். நெறிமுறைக் குழு ஒப்புக்கொண்ட வழியில், அங்கீகாரம் பெற்ற லேபில் புதிய சாம்பிளோடு மறுபடி பார்க்க அவர் ஏற்பாடு செய்வார்.

பூஜ்யம் காட்ட எதை ஓட்டுவது?

வெறும் பஃபர் போட்ட பிளாங்க் பின்னணி நிறத்தை மட்டும் சொல்லும். பிளாஸ்மாவின் மற்ற புரதங்கள் ஒட்டுகின்றனவா என்று பார்க்க வி.டபிள்யூ.எஃப் இல்லாத பிளாஸ்மா வேண்டும், விலைக்குக் கிடைக்கிறது. டைப் 3 நோயாளிகளின் பிளாஸ்மாவில் வி.டபிள்யூ.எஃப் கிட்டத்தட்ட இருக்காது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் டைப் 3 என்பதால், அத்தை மகன், மாமன் மகள் என்று உறவுக்குள் கல்யாணம் செய்யும் வழக்கமுள்ள இடங்களில் இது கூடுதலாகக் காணப்படுகிறது. அப்படிப்பட்ட நோயாளி முறைப்படி ஒப்புதல் தந்து அவருடைய பிளாஸ்மா கிடைத்தால், கடைசியாக எப்போது ஃபேக்டர் ஊசி போட்டார் என்று கேளுங்கள். சமீபத்தில் போட்டிருந்தால் பூஜ்யத்துக்குப் பதில், ஊசியில் போன வி.டபிள்யூ.எஃப்-தான் பிளேட்டில் தெரியும்.